முரண்டு பிடிக்கும் பின் ஸ்பாய்லர்: பாக்ஸ்டர் 986 வைத்திருப்போர் கேட்கும் கேள்விகள்

1996 முதல் 2004 வரை தயாரான போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறைக்கு நிறுவனக் கணக்கில் 986 என்று பெயர். இன்று பழைய கார் சந்தையில் ஓரளவு எட்டும் விலையில் கிடைக்கும் போர்ஷே இது. வாங்கியவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், பிறகு துணிக்கூரையைப் பற்றி. மூன்றாவதாக வந்து நிற்பது, டிக்கிக்குப் பின்னால் எழுந்து அமரும் சின்ன ஸ்பாய்லர், அதாவது காற்றின் ஓட்டத்தை மாற்றும் பலகை. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். அவசரக்காரர்கள் ஐந்தாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டுப் பாகம் வாங்கப் போங்கள்.

இந்த ஸ்பாய்லர் அழகுக்குத்தானே? வேலை செய்யாவிட்டால் என்ன குறைந்துவிடும்?

நகருக்குள் ஓட்டும்வரை எதுவும் குறையாது. அதனால்தான் அது உள்ளே மடங்கிக் கிடக்கிறது. 986-இல் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டும்போது ஸ்பாய்லர் தானாக எழும், வேகம் 80-க்குக் கீழே இறங்கியதும் மடங்கும். காரின் மேல் வழிந்து ஓடும் காற்று பின்பகுதியை மேலே தூக்கப் பார்க்கிறது. அந்தத் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. 100-இல் இருப்பதைவிட 200-இல் அது நான்கு மடங்கு. பின்சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பாரம் குறைந்தால், அவசரமாக பாதை மாறும்போதும் வளைவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் வண்டியின் வால் வெளியே போகும்.

இது வெறும் ஏட்டுக்கணக்கு அல்ல. 1998-இல் வந்த முதல் ஆடி டிடி, ஸ்பாய்லர் இல்லாத வழவழப்பான முதுகோடு வந்தது. ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் உயிரிழப்புகள் நேர்ந்த பிறகு, விற்ற கார்களுக்கும் பின் ஸ்பாய்லரும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் பொருத்தித் தர வேண்டியதாயிற்று. அந்தக் காரின் வடிவத்தைப் புகழ்ந்தவர்கள் பலர் ஸ்பாய்லர் வந்ததும் முகம் சுளித்தார்கள். காற்றுக்கு அந்த ரசனையெல்லாம் கிடையாது.

நான் 120-ஐத் தொடுவதே இல்லை. ஸ்பாய்லர் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நியாயமான கேள்வி. பிரிட்டனில் அதிகபட்ச வேகம் 70 மைல், அதாவது மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர். சட்டத்தை மதிக்கும் பிரிட்டிஷ் பாக்ஸ்டரில் ஸ்பாய்லர் தானாக எழ வாய்ப்பே இல்லை. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்து இறுகிப்போன ஸ்பாய்லர்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

கையால் இயக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. இடப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள கார்களில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டில் ஃபியூஸ் பெட்டி இருக்கும். அதன் மூடியைத் திறந்தால் சுவிட்ச் கண்ணில் படும். சாவியைத் திருப்பி இக்னிஷனைப் போட்டால்தான் வேலை செய்யும். இறக்கும்போது முழுவதும் உள்ளே போகும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படி வைத்திருப்பது யாருடைய விரலும் இடையில் சிக்கக் கூடாது என்பதற்காக. பாதியில் விட்டுவிட்டு “இறங்கவில்லை” என்று புகார் சொல்பவர்களும் உண்டு. மாதம் ஒருமுறை ஏற்றி இறக்குங்கள், பல தொல்லைகள் வராமலே போகும்.

முகப்புப் பலகையில் ஸ்பாய்லர் விளக்கு எரிகிறது. வண்டியை ஓட்டலாமா?

ஓட்டலாம், நிதானமாக. ஸ்பாய்லர் இருக்க வேண்டிய நிலையில் இல்லை என்பதுதான் அந்த விளக்கு சொல்லும் செய்தி. 120-க்குக் கீழேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கோ பணிமனைக்கோ போய்விடலாம். கோணலாக நிற்கிறது, அல்லது ஆடுகிறது என்றால் மட்டும் நிலைமை வேறு. தளர்ந்த பலகை காற்றில் பிய்ந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழ வாய்ப்பிருக்கிறது. அதைக் கட்டி நிறுத்தாமல் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள்.

உள்ளே என்னதான் இருக்கிறது? சின்ன பலகையைத் தூக்க இவ்வளவு பாகங்களா?

ஒரே ஒரு 12 வோல்ட் மோட்டார். அதிலிருந்து இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இரண்டு வளையும் கேபிள்கள். பழைய ஸ்கூட்டரின் ஸ்பீடாமீட்டர் கேபிளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: பிளாஸ்டிக் உறைக்குள் முறுக்கிய இரும்புக் கம்பி சுழல்கிறது, அதன் முனை சதுரமாக அழுத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கேபிளும் பலகையை ஏற்றி இறக்கும் ஒரு தூக்கியின் பற்சக்கரப் பெட்டிக்குள் போய்ச் சேரும். இரண்டு தூக்கிகளும் ஸ்பாய்லர் பலகையின் அடியில் போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டிருக்கின்றன.

மின்பக்கம் ஃபியூஸ், மேலே ஒன்று கீழே ஒன்று என இரட்டை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), எல்லையைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தும் மைக்ரோசுவிட்சுகள், வேகத் தகவல் வரும் கம்பி. இதே காரின் துணிக்கூரையும் ஒரு மோட்டார், இரண்டு கேபிள் என்ற இதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றொன்றும் பாதி புரிந்த மாதிரி.

எங்கிருந்து தொடங்குவது? எல்லாரும் ஒவ்வொரு பாகத்தை மாற்றச் சொல்கிறார்கள்.

காதிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின் ஓடக் கூடாது, வானொலி கூடாது, இக்னிஷன் மட்டும். ஒருவர் சுவிட்சை அழுத்தட்டும், நீங்கள் டிக்கியைத் திறந்து பின்புற உறைக்கு அருகில் காதை வைத்துக் கேளுங்கள். ஒரு சத்தமும் இல்லை என்றால் கோளாறு மின்பக்கம்: ஃபியூஸ், சுவிட்ச், ரிலே, கம்பி, அல்லது மோட்டாரே. “டக்” என்று ஒரு சின்ன ஒலி மட்டும் கேட்டால் ரிலே தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் அதன் உள்முனைகள் கருகியிருந்தாலும் அந்த ஒலி வரும், எனவே ரிலேக்கு அப்போதே நற்சான்றிதழ் கொடுத்துவிட வேண்டாம்.

மோட்டார் பாரமே இல்லாததுபோல் கீச்சென்று வேகமாகச் சுழல்கிறது, பலகை அசையவில்லை என்றால் மோட்டாரும் மின்சாரமும் நலம். கேபிளோ பற்சக்கரமோ பிடி விட்டிருக்கிறது. மாறாக, முனகி, மெதுவாகி, நின்றுவிடுகிறது என்றால் எங்கோ இறுக்கம்: காய்ந்த கிரீஸ், துரு, கோணல். “கட கட” என்று பல் தாண்டும் ஒலி வந்தால் உடனே கையை எடுங்கள். ஒவ்வொரு “கட”வும் ஒரு பற்சக்கரத்தின் ஆயுளைக் கொஞ்சம் தின்றுகொண்டிருக்கிறது.

இந்தச் சோதனைக்குக் காசும் கருவியும் வேண்டாம். இதைச் செய்யாமலே முழுத் தொகுதியையும் மாற்ற விலைப்பட்டியல் கொடுத்த ஒரு பணிமனையை எனக்குத் தெரியும். கடைசியில் போயிருந்தது கேபிளின் ஒரு முனை.

ஃபியூஸ் போயிருந்தது. மாற்றினேன், மறுபடியும் போய்விட்டது. கொஞ்சம் பெரியதாகப் போடலாமா?

கூடாது. ஃபியூஸ் ஒருமுறை போவது வயதின் காரணமாக இருக்கலாம். இரண்டாம் முறை போனால் அது ஏதோ சொல்கிறது. இறுகிய தூக்கியைத் தள்ளும் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டத்தை இழுக்கும். பெரிய ஃபியூஸ் போட்டால் அந்தச் சூடு மோட்டார் சுருளிலும் கம்பியிலும் இறங்கும். எத்தனை ஆம்பியர் என்பது ஃபியூஸ் பெட்டியோடு வரும் அட்டவணையில் இருக்கிறது, அதே அளவைப் போடுங்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டு கேபிள்களையும் மோட்டாரிலிருந்து கழற்றிவிட்டு, மோட்டாரை மட்டும் சுவிட்சால் ஓட்டிப் பாருங்கள். இப்போது ஃபியூஸ் தாங்குகிறது என்றால் இறுக்கம் கேபிளிலோ தூக்கியிலோ. அப்போதும் போனால் மோட்டாரின் உள்ளே அல்லது கம்பியில் மின்கசிவு. பழைய கார்களில் டிக்கியின் உறைக்குப் பின்னால் கம்பி உரசித் தோல் தேய்ந்திருப்பதும் உண்டு. கையால் தடவிப் பார்த்தாலே தட்டுப்படும்.

சத்தமே இல்லை. ஆக, மோட்டார் போய்விட்டது, அப்படித்தானே?

அவசரப்பட வேண்டாம். மோட்டாரின் இணைப்பானைக் கழற்றி, மல்டிமீட்டரை (மின் அளவுகளைக் காட்டும் கைக்கருவி) நேர்மின் வோல்ட் அளவில் வைத்து, கம்பிப் பக்கமுள்ள இரு முனைகளில் தொடுங்கள். சுவிட்சை மேலே அழுத்தும்போது சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டும். கீழே அழுத்தும்போது அதே அளவு எதிர்க்குறியோடு வர வேண்டும். மோட்டார் திசை மாறுவது இப்படித்தான். இரண்டும் வரவில்லை என்றால் பின்னோக்கிப் போங்கள்: ரிலே, சுவிட்ச், ஃபியூஸ். ஒரு திசை மட்டும் வருகிறது என்றால் இரட்டை ரிலேயின் ஒரு பாதி போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பச்சை பூத்த, பாதி அரித்த இணைப்பு வழியாகவும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்னோட்டத்தை இழுப்பதே இல்லை. மோட்டாரை இணைத்ததும் அந்த வோல்ட் சரிந்துவிடும். எனவே மீட்டருக்குப் பதில் 21 வாட் பிரேக் விளக்கு பல்பு ஒன்றை இரண்டு கம்பிகளில் பிணைத்து அங்கே தொடுங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தால் மின்பாதை நலம். மஞ்சளாக மங்கினால் வழியில் எங்கோ மின்தடை. நான் மீட்டரைவிட அந்தப் பல்பைத்தான் அதிகம் நம்புகிறேன்.

பல்பு பளிச்சென்று எரிகிறது, மோட்டார் மட்டும் உறங்குகிறது என்றால், சுவிட்சை அழுத்தியபடி மோட்டாரின் உடலில் திருப்புளியின் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். விழித்துக்கொண்டால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. தட்டித் தட்டி ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள்.

பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து மோட்டாரைச் சோதிக்கலாமா?

கேபிள்களைக் கழற்றிவிட்டுச் செய்தால் தாராளமாக. கேபிள்கள் மாட்டியிருக்கும்போது செய்தால் ஆபத்து. மைக்ரோசுவிட்சுகளைத் தாண்டி நீங்கள் மின்சாரம் கொடுப்பதால், எல்லையைத் தொட்டாலும் மோட்டார் நிற்காது. ஒரு நொடி தாமதித்தால் பற்சக்கரம் நொறுங்கும். கொடுக்கும் கம்பியில் கட்டாயம் ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். இணைப்பானை மீண்டும் மாட்டுவதற்கு முன் இக்னிஷனை அணைத்துவிடுங்கள்.

கையால் பிடித்து இழுத்து ஏற்றினால் என்ன? கொஞ்சம் வளைந்து கொடுக்கிறதே.

வளைந்து கொடுப்பது பலகைதான், தூக்கி அல்ல. கேபிள் சுழன்றால் தூக்கி நகரும். தூக்கியை இழுத்துக் கேபிளைச் சுழற்ற முடியாதபடிதான் அதன் பற்சக்கரம் அமைந்திருக்கிறது. காற்றின் அழுத்தத்தில் ஸ்பாய்லர் உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா? இழுத்தால் உடைவது பலகையின் அடியில் போல்ட் பிடித்திருக்கும் இடம்.

ஒரு பக்கம் மட்டும் ஏறுகிறது. மற்றப் பக்கம் அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

முதலில், இன்னொரு முறை அழுத்திப் பார்க்கும் ஆசையை விடுங்கள். ஏறிய பக்கத்தை மட்டும் மெதுவாக இறக்கப் பாருங்கள். முரண்டு பிடித்தால் பலகையின் போல்ட்டுகளைத் தளர்த்திக் கோணலின் அழுத்தத்தை எடுத்துவிடுங்கள். நீளப் பலகையில் விரிசல் விழுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது முயற்சியில்தான்.

மோட்டார் ஒன்றுதான் என்பதால், ஒரு பக்கம் ஏறுகிறது என்றாலே மோட்டார், ரிலே, ஃபியூஸ் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. ஏறாத பக்கத்தின் கேபிளோ தூக்கியோதான் குற்றவாளி. அந்தக் கேபிளை இரு முனைகளிலும் கழற்றி, உள்கம்பியின் சதுர முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல முனையில் நான்கு விளிம்புகளும் விரல் நகத்தில் தட்டுப்படும். தேய்ந்த முனை உருண்டையாகிப் பளபளக்கும், அதைச் சுற்றிச் சாம்பல் நிற இரும்புத்தூள் கிரீஸோடு குழைந்திருக்கும். அந்தத் தூளைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

முனை நன்றாக இருந்து, ஆனால் உறை குட்டையாகி முனைப்பிடியிலிருந்து நழுவியிருப்பதும் அடிக்கடி நடக்கும். வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பிளாஸ்டிக் உறை ஆண்டுகளில் சுருங்குகிறது. பிடி நழுவியதும் கம்பி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, மறுமுனையில் சதுரம் துளைக்குள் முழுதாக உட்காருவதில்லை. பாரம் ஏறியதும் வழுக்கிவிடுகிறது.

இரண்டு கேபிள்களும் ஒரே நீளமாக இருந்தால் இடத்தை வலத்துக்கும் வலத்தை இடத்துக்கும் மாற்றிப் பாருங்கள். கோளாறு மறுபக்கம் தாவினால் கேபிள், அதே பக்கம் நின்றால் தூக்கி. முன்பு சொன்ன கேட்டுப் பார்க்கும் சோதனையை இந்த நேரத்தில் மறுபடி செய்தால் முடிவு இன்னும் உறுதியாகும்.

கேபிளைச் சரிசெய்ய முடியுமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?

உறை நழுவியது மட்டும் என்றால் முடியும். நழுவிய முனையை மறுபடி பிடிக்குள் தள்ளி, மேலே சிறு கிளிப்போ வெப்பத்தில் சுருங்கும் குழாயோ போட்டு இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாகச் செய்தால் ஆண்டுகள் தாங்கும். அதே வேலையில், உறை குட்டையாகிவிட்டதால் கம்பி இரு முனைகளிலும் போதிய ஆழம் இறங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சதுரம் உருண்டையானால் முடியாது. பிசின் ஊற்றுவது, உலோகத் தகடு சுற்றுவது போன்ற வித்தைகள் எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு கோடைக்கு மேல் எதுவும் நிலைத்ததில்லை. வாங்குவதானால் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்று போன வயதை மற்றொன்றும் எட்டிவிட்டது.

கேபிள் மாற்றினேன். இப்போது எழுகிறது, ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்வாக நிற்கிறது.

இரண்டு தூக்கிகளும் ஒரே இடத்திலிருந்து பயணத்தைத் தொடங்கவில்லை. திரும்பவும் கேபிள்களை மோட்டாரிலிருந்து கழற்றுங்கள். பலகையின் போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். ஒவ்வொரு கேபிளின் முனையையும் கையால் சுழற்றி, இரு தூக்கிகளையும் முழுவதும் கீழே, இனி நகராது என்ற இடம்வரை கொண்டுவாருங்கள். மெல்லிய தடை தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். மின்டிரில் வைத்துச் சுழற்றுவது வேகமாகத் தோன்றும், அந்தத் தடையை டிரில் உணராது.

இரண்டும் அடித்தளத்தில் நிற்கும்போது கேபிள்களை மோட்டாரில் மாட்டுங்கள். பிறகுதான் பலகை. போல்ட்டுகளை விரலால் மட்டும் இறுக்கி, ஒருமுறை ஏற்றி இறக்கி, பலகை தன் இடத்தைத் தானே கண்டுகொண்ட பிறகு ஸ்பேனர் போடுங்கள். எடுத்த எடுப்பில் இறுக்கிவிட்டால் பலகை கோணலை மனப்பாடம் செய்துகொள்ளும், டிக்கி மூடியின் ஓரத்தில் பெயின்ட் உரசும்.

ஏறுகிறது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. குளிர்காலத்தில் மட்டும்.

கிரீஸ். தொழிற்சாலையில் போட்ட கிரீஸ் இருபதாண்டுகளில் மெழுகாகிவிடுகிறது. குளிரில் மோட்டார் அந்த மெழுகோடு மல்லுக்கட்டுகிறது. பழையதை முழுவதும் துடைத்தெடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். மேலே அப்புவதால் பயனில்லை. குளிரில் இறுகாத வெள்ளை லித்தியம் கிரீஸ் தூக்கிகளுக்குப் போதும். கேபிளின் உள்கம்பிக்கு மெல்லிய பூச்சு மட்டும், வழிய வழிய அல்ல. ரப்பர் பட்டைகளுக்கு சிலிகான். துருநீக்கி ஸ்ப்ரேயை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அது இருக்கும் கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும், சில வாரங்களில் வறட்சிதான் மிஞ்சும்.

பேட்டரி பலவீனமாக இருந்தாலும் இதே அறிகுறி வரும். எஞ்சின் ஓடும்போது முழுதாக ஏறி, நிறுத்தியிருக்கும்போது பாதியில் நின்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். நிரம்பிய பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும்.

மழை பெய்த மறுநாள் மட்டும் வேலை செய்வதில்லை. இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடுகிறது.

தானாகச் சரியாவது எதுவும் தானாகக் கெட்டுப்போகும். ஸ்பாய்லர் அமரும் பள்ளத்தில் இலைச்சருகும் மண்ணும் சேர்ந்து தண்ணீர் வெளியேறும் வழியை அடைத்துவிட்டால், ஈரம் இணைப்பான்களுக்குள் புகும். ஸ்பாய்லரை ஏற்றி வைத்துப் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது எங்கே போகிறது என்று பாருங்கள். தேங்கினால் அடைப்பு. இணைப்பான்களை மின்முனைத் துப்புரவுத் திரவத்தால் கழுவி உலரவிட்டு மாட்டுங்கள். பச்சை பூத்த முனை சுத்தமாகாவிட்டால் அதை மாற்றிவிடுவது நல்லது. முன்பு சொன்ன 21 வாட் பல்பு இங்கேயும் உண்மையைச் சொல்லும்.

முழுவதும் எழுகிறது, நேராகவும் நிற்கிறது. ஆனாலும் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை.

நின்றது உங்களுக்குத் தெரிகிறது, காருக்குத் தெரியவில்லை. எல்லை மைக்ரோசுவிட்ச் ஒன்று சேதி சொல்லவில்லை. அதன் சின்ன நாக்கு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், வளைந்திருக்கலாம், அல்லது தூக்கி ஓரிரு மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றிருக்கலாம். நாக்கைக் கையால் அழுத்தும்போது மல்டிமீட்டரின் தொடர்ச்சி ஒலி வந்து போக வேண்டும். வராவிட்டால் சுவிட்ச் போயிற்று. வந்தால், நாக்கைத் தொட வேண்டிய பாகம் தொடுகிறதா என்று பாருங்கள்.

விளக்கின் கம்பியைத் துண்டித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். உங்களிடமிருந்து காரை வாங்கப்போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

சுவிட்சால் ஏறி இறங்குகிறது. 120-இல் மட்டும் அசைவதில்லை.

இது கேட்டவர்கள் பலரும் அதற்குள் மோட்டாரை மாற்றிவிட்டிருந்தார்கள். சுவிட்சால் இயங்கினால் மோட்டார், கேபிள், தூக்கி எதிலும் கை வைக்க வேண்டாம். மீதி இருப்பது வேகத் தகவலும் அதைப் படித்துக் கட்டளையிடும் மின்னணுவும். வேகம் சக்கரங்களில் உள்ள ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார்களிலிருந்து வருகிறது. ஏபிஎஸ் விளக்கும் எரிகிறதா, வேகமானி துள்ளுகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள், ஸ்பாய்லர் வெறும் அறிகுறிதான். இரண்டும் நலமாக இருந்தால் கம்பி வரைபடம் இல்லாமல் மேலே போகாதீர்கள்.

வேகமானி 120 காட்டும்போது உண்மை வேகம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பல கார்களின் வேகமானி கூடுதலாகவே காட்டும். முள் 120-ஐத் தொட்ட மறுநொடி எழவில்லை என்பது கோளாறு ஆகாது.

சாதாரண ஸ்கேனரை மாட்டினால் பிழைக்குறியீடு வருமா?

கடையில் மலிவாகக் கிடைக்கும் பொது ஸ்கேனர்கள் புகை சம்பந்தப்பட்ட எஞ்சின் குறியீடுகளைப் படிக்கச் செய்யப்பட்டவை. ஸ்பாய்லர் அவற்றின் கண்ணில் படாது. போர்ஷே பணிமனைகளின் கருவியோ இந்த கார்களுக்கென்றே செய்த மென்பொருளோ வேண்டும். அவையும் “தேய்ந்த கேபிள்” என்று எழுதிக் காட்டாது, காதும் கையும்தான் காட்டும்.

பழைய காரிலிருந்து கழற்றிய முழுத் தொகுதி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?

தூக்கி உடைந்திருந்தால் வாங்கலாம். கேபிளுக்காக வாங்காதீர்கள், அந்தக் கேபிளுக்கும் உங்கள் கேபிளின் வயதுதான். வாங்கும் முன் விற்பவரிடம் 12 வோல்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், சதுர முனைகளின் படம் கேளுங்கள். பலகையின் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் ஒத்துப்போவது கடைசிக் கவலை.

இன்னொன்று: பின் பம்பரைக் கழற்ற வேண்டிய வேலை ஏதாவது காத்திருந்தால் ஸ்பாய்லரை முதலில் சரிசெய்யுங்கள். அந்தப் பம்பரின் சில திருகுகள் ஸ்பாய்லருக்கு அடியில் இருக்கின்றன. அது எழாவிட்டால் அந்த வேலையும் சிக்கிக்கொள்ளும்.

எழுப்பி அப்படியே நிரந்தரமாக வைத்துவிட்டால் தொல்லை இல்லையே?

தற்காலிகத்துக்குச் சரி. மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்ட ஸ்பாய்லரைவிட எழுந்த நிலையில் மாட்டிக்கொண்டது பாதுகாப்பானது. ஃபியூஸைப் பிடுங்கி அப்படி வைப்பதானால், அதே ஃபியூஸில் வேறு ஏதாவது ஓடுகிறதா என்று அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரமாக என்றால் எனக்கு உடன்பாடில்லை. பள்ளம் திறந்தே கிடந்து மழையும் சருகும் சேரும், தூக்கிகள் ஒரே நிலையில் இறுகும். ஆண்டுச் சோதனைக்குப் போகும்போது உங்கள் நாட்டு அதிகாரி என்ன சொல்வார் என்பதும் இருக்கிறது.

என்னிடம் இருப்பது பாக்ஸ்டர் அல்ல. இதெல்லாம் பொருந்துமா?

கேட்டுப் பார்ப்பது, பல்பு சோதனை, கிரீஸ் ஆகியவை எங்கும் பொருந்தும். வேகங்களும் அமைப்பும் மாறும். 1989 மாடலாக வந்த 964 வகை போர்ஷே 911-இல் ஸ்பாய்லர் 80-லேயே எழும். அங்கே எஞ்சின் பின்னால் இருப்பதால் காற்று உள்ளே போகும் வழியும் அந்த மூடியில்தான், பழுதை அலட்சியப்படுத்தக் கூடாது. இரண்டாம் தலைமுறை ஆடி டிடியில் 120-இல் எழுந்து 80-இல் மடங்கும், கையால் இயக்கும் பொத்தானும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் கொராடோவில் ஐரோப்பாவுக்கு 120 என்றால் அமெரிக்காவுக்கு மணிக்கு 45 மைல் அளவிலேயே எழும்படி வைத்தார்கள். அங்கே அன்றைய வேக வரம்புக்குள் 120-ஐத் தொடவே முடியாது.

எல்லாம் முடிந்தது. எப்படிச் சோதித்து மூடுவது?

உறைகளை மாட்டுவதற்கு முன் சோதியுங்கள், பிறகு மறுபடி கழற்ற நேராது. சுவிட்சால் சில முறை ஏற்றி இறக்குங்கள், இடையிடையே மோட்டார் ஆறட்டும். எழுந்த நிலையில் இரு ஓரங்களின் உயரத்தையும் அளவுகோலால் அளந்து ஒப்பிடுங்கள். மடங்கிய நிலையில் ஒரு காகிதத் துண்டைப் பலகைக்கும் உடலுக்கும் நடுவில் ஓரம் முழுக்க இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே பெயின்ட் உரசப்போகிறது.

பிறகு சாலை. 120 அனுமதிக்கப்பட்ட இடத்தில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, அவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் பாருங்கள். பிரிட்டனில் இருப்பவர்களுக்குப் பந்தயத் தடம் வாடகைக்குக் கிடைக்கும் நாள்தான் வழி. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பலகையின் போல்ட்டுகளை ஒருமுறை ஸ்பேனரால் சரிபார்த்துவிடுங்கள். புதிதாக இறுக்கியவை அதிர்வில் கொஞ்சம் தளரும்.